கேள்வியைப் பாராமல் விடை சொன்னவர்

ஆங்கிலம் கற்போருக்குத் தேர்வு நடத்தும் மையம் ஒன்றில், வினாத்தாள் கட்டும் பணியில் பதினாறு ஆண்டுகள் இருந்த ஒரு பெண்மணியின் கதை இது. அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'ஜோசியக்கா' என்றுதான் அழைத்தார்கள். அவர் யாருக்கும் கைரேகை பார்த்ததில்லை. நல்ல நேரம் குறித்துக் கொடுத்ததில்லை. ஆயினும் அந்தப் பெயருக்குத் தக்க காரணம் இருந்தது. கேள்வியைப் பார்க்காமலே அவர் விடை சொல்வார். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

பள்ளியிறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் மட்டும் இருபத்தேழு மதிப்பெண் பெற்றுப் படிப்பை விட்டவர் அவர். பிறகு அச்சகம் ஒன்றில் தாள் மடிக்கும் பிரிவில் எட்டு ஆண்டுகள் வேலை செய்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவரை மணந்த மறு ஆண்டு, தேர்வு மையத்தில் கட்டுப் போடும் வேலை கிடைத்தது. இரட்டைப் பூட்டுப் போட்ட இரும்புக் கதவு, சன்னலற்ற அறை, பன்னிரண்டு அடி நீள மேசை, கட்டைவிரலுக்கு ஒரு ரப்பர் உறை: இவை அவருடைய உலகமாயின. தாள்களை இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணி, உறையிலிட்டு, முத்திரை நாடா ஒட்ட வேண்டும். எண்ணிக்கையில் ஒருமுறைகூட அவர் பிசகியதில்லை.

அம்மையத்தின் தாளுக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது இலக்கணம், இரண்டாவது ஒரு பத்தியைப் படித்து விடை சொல்லுதல், மூன்றாவது, ஆங்கிலம் பேசுவோரிடையே பழகும்போது அறிந்திருக்க வேண்டிய பண்பாட்டுச் செய்திகள். ஒவ்வொன்றிலும் இருபது கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். அவற்றுள் ஒன்றே சரி. தேற, பகுதிக்குப் பன்னிரண்டு மதிப்பெண் பெற வேண்டும்.

இவற்றை அமைத்தவர் தலைமை வினா அமைப்பாளர். மெலிந்த உடல், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு. தாள் அச்சுக்குப் போகுமுன் அவர் தவறாது ஒரு சோதனை செய்வார். பத்தியையும் கேள்வியின் பாதியையும் கத்தரித்துவிட்டு, விடைகள் உள்ள பகுதியை மட்டும் ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் நீட்டி, சரியானதைக் குறிக்கச் சொல்வார். வெறும் அதிர்ஷ்டத்தில் இருபதுக்கு ஐந்து கிடைக்கலாம். எட்டுக்கு மேல் கிடைத்தால் தாளில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். திருத்தி எழுதியாக வேண்டும். வழக்கமாக இதற்கு வண்டி ஓட்டுநரைத்தான் அழைப்பார்கள். நம்மவர் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஓட்டுநர் விடுப்பில் போன ஒரு நாளில், கட்டும் அறையிலிருந்து இவர் அழைக்கப்பட்டார். பத்து நிமிடத்தில் குறித்துக் கொடுத்தார். பதின்மூன்று சரி.

அமைப்பாளர் தாளை இருமுறை புரட்டிப் பார்த்தார்.

"யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல சார். நீங்கதான்."

"நானா?"

"சரியான விடையை நீங்க பயந்து பயந்து எழுதறீங்க சார். யாரும் குத்தம் சொல்லிடக் கூடாதுன்னு நீட்டிக்கிட்டே போறீங்க. மத்த மூணும் பொய்தானே, டக்குன்னு முடிச்சிடறீங்க. நான் நீளமானதைக் குறிச்சேன், அவ்ளோதான்."

அவர் அளவுகோலை எடுத்து அளந்தார். இருபதில் பதினொன்றில் சரியான விடையே நீளமானதாக இருந்தது. அளவுகோலை வைத்துவிட்டு, "போ, போய் வேலையைப் பாரு," என்றார். மறுவாரம் திருத்திய தாளுடன் அவரே கட்டும் அறைக்கு வந்து நின்றார்.

அன்று தொடங்கியது அந்தப் போர். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளும் ஒவ்வொரு தாளும் இவருடைய மேசையைக் கடந்தே அச்சேறியது. அமைப்பாளர் ஓர் ஓட்டையை அடைத்தால் இவர் இன்னொன்றைக் கண்டுபிடிப்பார். நீளத்தைச் சமப்படுத்தியபோது, கேள்வியின் எஞ்சிய பாதியில் உள்ள ஒரு சொல் எந்த விடையில் மீண்டும் வருகிறதோ அதைக் குறித்துப் பன்னிரண்டு பெற்றார். அதை மாற்றியபோது, பண்பாட்டுப் பகுதியில் 'ப்ளீஸ்', 'சாரி' போன்ற பணிவுச் சொற்கள் வரும் விடையைத் தேடிப் பதினான்கு பெற்றார்.

"இந்தத் தடவை எத்தனை?"

"பதினொண்ணு சார்."

"ராட்சசி!"

திட்டிவிட்டு, பச்சை அட்டைக் குறிப்பேடு ஒன்றில் அந்தத் தந்திரத்தை எழுதிக்கொள்வார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குதூகலமே மிகுந்திருக்கும்.

இதற்கிடையே யாரும் திட்டமிடாத ஒன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. தேர்வு முடிந்து வெளியிடப்படும் பழைய தாள்களை இவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். தாம் குறித்தது ஏன் சரி, குறிக்காதவை ஏன் தவறு என்று அறிய ஆசை. அகராதியும் கையுமாகப் பேருந்தில் உட்கார்ந்து படித்தார். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான வாக்கியம் ஒன்று, தவறானவை மூன்று என்பதால், அவர் கற்ற ஆங்கிலத்தில் முக்கால் பங்கு தவறான விடைகளால் ஆனது. ஒருவேளை அதனால்தான் அது உறுதியாகவும் இருந்தது. எங்கெங்கே வழுக்கும் என்பது அவருக்கு முன்னமே தெரிந்துவிட்டது.

வீட்டில் கேட்டுச் சரிபார்க்க அவருடைய நாத்தனார் இருந்தார். தொலைபேசிச் சேவை நிறுவனத்தில் வேலை; "நாள் முழுக்க இங்கிலீஷ்லயே திட்டு வாங்கறவ நான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். காலையில் ஒருவர் துணி மடிக்க, மற்றவர் தலை வார, பழைய தாளை வைத்துப் பாடம் நடக்கும்.

"அண்ணி, பஸ்ல பக்கத்துல ஒரு தெரியாத அம்மா. எடுத்த எடுப்புல அவங்ககிட்ட எதைக் கேக்கக் கூடாது?"

"வயசு."

"ஏன்?"

"ஏன்னா, அந்த விடைதான் ரொம்பக் குட்டி."

"அண்ணி! நிஜமா உதை வாங்கப் போறீங்க."

"சரி சரி, கத்தாதே. வயசுங்கறது அவங்க சொந்த விஷயம். நாமளா கேட்டா துருவற மாதிரி இருக்கும். போதுமா?"

"இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க பாப்போம்."

சொல்லத் தொடங்கி, பாதியில் சிக்கி, கையில் இருந்த தலையணை உறையை முறுக்கியபடி ஒருவழியாக முடிப்பார். நாத்தனார் சீப்போடு கைதட்டுவார்.

பதினாறாம் ஆண்டில் தேர்வு மண்டப மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். மண்டபத்தின் முன்னால் நின்று விதிகளை ஆங்கிலத்தில் வாசிப்பதும், நடுங்கிக்கொண்டு வருவோருக்கு வழிகாட்டுவதும் அந்த வேலை. சன்னலற்ற அறையிலிருந்து வெளியேறும் ஒரே படிக்கட்டு அதுதான். ஆனால் மையத்தின் சான்றிதழ் வேண்டும். இவர் மனுக் கொடுத்தார். அன்று உணவு இடைவேளையில் ஓட்டுநர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்:

"அக்காவுக்கு என்னங்க, கண்ணை மூடிக்கிட்டுப் பாஸ்! கேள்வித்தாளே தேவையில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், ஆனால் சாப்பாட்டுப் பெட்டியைப் பாதியிலேயே மூடிவிட்டார். மையத்தின் இயக்குநர் அம்மையாரும் மாலையில் அதையே வேறு விதமாகச் சொன்னார்: "தாராளமா எழுதுங்க. தேறிட்டீங்கன்னா வேலை உங்களுக்குத்தான். ஆனா ஊகிச்சுத் தேறினீங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, என்னால கையெழுத்துப் போட முடியாது."

தேறினால் மட்டும் போதாது. படித்துத் தேறினார் என்று எல்லோரும் நம்ப வேண்டும். பதின்மூன்று ஆண்டுகளாகப் படிக்காமல் விடை சொன்னதற்காகவே பாராட்டப்பட்ட ஒருவர் இதை எப்படி மெய்ப்பிப்பது?

தேர்வு எழுதுபவர் அந்தத் தாளைத் தொடக்கூடாது என்பது விதி. ஆகவே இவர் நான்கு மாதம் பண்டக அறைக்கு மாற்றப்பட்டார். போகுமுன் அமைப்பாளரிடம் சென்றார்.

"சார், இந்தத் தடவை நான் எதிர்ப் பக்கம். ஊகிக்கவே முடியாத தாளாப் போடுங்க. எனக்காகக் கேக்கறேன்."

"போடறேன்மா! உன் ஜோசியத்துக்கு ஊசி முனை அளவுகூட இடம் இருக்காது. பாத்துக்கோ!"

இலக்கணமும் பத்தியும் வேறொரு மையத்திலிருந்து வந்தன. பண்பாட்டுப் பகுதியை மட்டும் அமைப்பாளர் பச்சைக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் கதவடைத்து எழுதினார். வழக்கமான சோதனை நடக்கவில்லை. சோதிக்க வேண்டியவரே தேர்வு எழுதுபவராகிவிட்டார் அல்லவா? இந்தத் தாளுக்குச் சோதனையே வேண்டாம் என்று அவர் மார்தட்டினார்.

தேர்வு நாள் வந்தது. நாற்பத்து மூன்று பேரில் இவருடைய எண் முப்பத்தொன்று. கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை இருந்தது. அதை முடித்துவிட்டு வந்து கூடத்தில் காத்திருப்பதாகச் சொன்னார். மணி அடித்தது.

இலக்கணம் இருபதும் மளமளவென்று ஓடின. இரண்டாம் பகுதியைப் புரட்டியதும் இவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு முழுப் பத்தி! பதின்மூன்று ஆண்டுகளாகத் தலை வெட்டப்பட்ட விடைகளை மட்டுமே பார்த்து வந்தவருக்கு, இன்று தலையும் உடலுமாக ஒரு தாள் கிடைத்திருந்தது. மலைப்பாதையில் பழுதாகி நின்ற ஒரு பேருந்தையும் அதன் பயணிகளையும் பற்றிய பத்தி அது. பேருந்து மீண்டும் புறப்பட்டதா என்று அறியும் ஆவலிலேயே கடைசி வரிவரை படித்தார். பிறகுதான் தேர்வு நினைவுக்கு வந்தது.

மூன்றாம் பகுதியில் நான்காம் கேள்வியைத் தொட்டபோது கை நின்றது. மீண்டும் முதல் கேள்விக்குப் போனார். இரண்டு, மூன்று, நான்கு. அடுத்த பக்கம். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு விடை மிக நீளமாக இருந்தது, அது தவறு. ஒன்று கேள்வியின் சொல்லையே திரும்பச் சொன்னது, அதுவும் தவறு. ஒன்று 'ப்ளீஸ்', 'சாரி' என்று குழைந்தது, அதுவும் தவறு. எஞ்சிய நான்காவதே சரி. இவருடைய மூன்று தந்திரங்களுக்கும் அமைப்பாளர் ஒவ்வொரு கேள்வியிலும் பழுதின்றி மூன்று வேலி போட்டிருந்தார். வேலி இல்லாத ஒரே இடம் வாசலாகத் திறந்து கிடந்தது.

காதுகள் சூடேறின. இந்தத் தாளில் இவர் இருபதுக்கு இருபது வாங்கினாலும் அதற்கு என்ன மதிப்பு? நாளை ஓட்டை வெளிப்பட்டால் ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். நுழைவுச் சீட்டை எடுத்து விடைகளை மறைத்தார். கேள்வியை மட்டும் படித்து, தம் விடையை மனத்துக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்து, அதன் பிறகே சீட்டை நகர்த்திக் குறித்தார். இருபதையும் அப்படியே முடித்தார். ஆனால் இவர் சீட்டால் மறைத்ததை யார் நம்புவார்கள்?

தாள் சேகரிக்கும் முன், குறை இருந்தால் எழுதிக் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அதற்கென மேசையின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாள் இருக்கும். ஆண்டுக் கணக்கில் யாரும் அதைத் தொட்டதில்லை. இவர் எடுத்து, ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினார்: மூன்றாம் பகுதியைப் படிக்காமலே விடையளிக்க முடியும், என்னால் அதைக் காட்ட முடியும், அதுவரை தேர்வை முடித்து வைக்க வேண்டாம்.

கால் மணி நேரத்தில் இயக்குநரின் அறையில் இயக்குநர், அமைப்பாளர், இவர் என மூவரும் நின்றார்கள். தேர்வு எழுதிய மற்றவர்கள் மண்டபத்திலேயே அமர்த்தப்பட்டிருந்தார்கள். அமைப்பாளர் கொதித்தார்.

"உன் ஒவ்வொரு தந்திரத்தையும் அடைக்கறதுக்குன்னே மூணு வாரம் உக்காந்து எழுதினேன்மா!"

"அதுதான் சார் வினை. மூணையும் அடைச்சீங்க, நாலாவதைத் திறந்து விட்டுட்டீங்க."

"வாயால சொன்னாப் போதாது. காட்டு."

"நான் காட்டினா, உனக்கு இங்கிலீஷ் தெரியும்னுவீங்க. தெரியாத ஆள் வேணும் சார்."

அப்படி ஓர் ஆள் கூடத்தில் இருந்தார். விரல் நகங்களில் கிரீஸுடன், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டாவி விட்டபடி. இவர் எட்டிப் பார்த்து அழைத்தார்.

"என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க. ஒரு சின்ன வேலை."

"லிஃப்ட் நின்னு போச்சா?"

"இல்ல. பரீட்சை எழுதணும்."

"யாரு, நானா? கிண்டல் பண்றியா?"

உட்கார வைத்தார்கள். இவர் மூன்றே செய்திகள் சொன்னார்: மிக நீளமானதை அடி, மேலே உள்ள சொல்லைப்போலவே ஒரு சொல் இருந்தால் அதையும் அடி, இந்த இரண்டு சொல்லில் ஒன்று இருந்தால் அதையும் அடி. 'ப்ளீஸ்', 'சாரி' இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி அவர் முன் வைத்தார். நாள்தோறும் உதிரிப் பாகங்களின் எண்களை உருவம் பார்த்தே பொருத்திப் பழகியவர் அவர். நாக்கைக் கடித்துக்கொண்டு, பென்சிலால் அடித்துக்கொண்டே போனார். ஏழு நிமிடம். ஒரு வரியும் அவருக்குப் புரியவில்லை.

இயக்குநர் விடைப்பட்டியலோடு ஒப்பிட்டார். முதல் ஐந்தும் சரி. அடுத்த ஐந்தும் சரி. அமைப்பாளர் நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். கடைசியில் இயக்குநர் நிமிர்ந்தார்.

"பதினெட்டு."

"நான் பாஸா?" என்றார் மெக்கானிக்.

"நீங்க முதல் வகுப்பு," என்றார் இயக்குநர்.

பிறகு அமைப்பாளர் சிரிக்கத் தொடங்கினார். தோள்கள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பதின்மூணு வருஷமா இவளைப் பாத்துப் பாத்து எழுதி, இவ இல்லாதப்பவும் இவளைப் பாத்தே எழுதியிருக்கேன். படிக்கறவங்களை மறந்தே போயிட்டேன் மேடம்."

மூன்றாம் பகுதி அங்கேயே ரத்து செய்யப்பட்டது. விடைத்தாள் கட்டுக்கு முத்திரை வைக்கும்வரை தேர்வு முடிந்ததாகாது. ஆகவே அன்றே, அதே கட்டடத்தில், நாற்பத்து மூன்று பேருக்கும் அப்பகுதியை வாய்மொழியாக நடத்துவது என்று இயக்குநர் முடிவு செய்தார். கேள்விகளில் வரும் சூழல்கள் மாற்றப்படும், விடைகள் எதுவும் தரப்படமாட்டா. அவரவர் விடையை அவரவரே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மூன்று அறைகள் ஒதுக்கப்பட்டன. இருபத்தொன்பது முதல் நாற்பத்து மூன்று வரை அமைப்பாளரின் அறை, இயக்குநரும் உடனிருந்தார்.

முப்பத்தொன்று என்று அழைத்ததும் இவர் உள்ளே போனார். வெறும் மேசை. ஒரு குவளைத் தண்ணீர். தாள் இல்லை, மறைக்கவும் நகர்த்தவும் எதுவும் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அமைப்பாளர் ஆங்கிலத்தில் தொடங்கினார். அண்டை வீட்டார் உங்களை ஏழு மணி விருந்துக்கு அழைத்திருக்கிறார், உங்களால் போக முடியவில்லை, என்ன செய்வீர்கள்? காலையிலேயே சொல்லிவிடுவேன் என்றார் இவர். அப்போதுதான் எனக்கும் சேர்த்துச் சமைக்கமாட்டார். வாக்கியம் சற்று நொண்டியது. ஆனால் நடந்து சேர்ந்தது. அமைப்பாளரின் பேனா அசைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வரிசையில் முந்துபவரிடம் எப்படிப் பேசுவது, மேலதிகாரியின் கருத்தை எப்படி மறுப்பது, துக்கத்தில் இருப்பவரிடம் எதைச் சொல்லக்கூடாது. இவர் குரல் மெல்ல மெல்ல உயர்ந்தது. கைகள் மடியிலிருந்து எழுந்து காற்றில் வாக்கியங்களை இழுத்துவரத் தொடங்கின. இரண்டு இடங்களில் தவறினார். தவறியதைத் தாமே உணர்ந்து திருத்த முயன்று, மேலும் தவறினார். முகம் சிவந்தாலும் பேச்சை நிறுத்தவில்லை.

பதினொன்றாம் கேள்வி ஓர் அலுவலகக் கடிதத்தின் முடிப்பைப் பற்றியது. அதில் வந்த ஓர் ஆங்கிலச் சொல்லை இவர் கேட்டதே இல்லை. பழக்கத்தினால் கண்கள் மேசைமேல் நான்கு விடைகளைத் தேடின. மேசையில் தண்ணீர்க் குவளை மட்டுமே இருந்தது.

"ஐ டோன்ட் நோ, சார்."

அமைப்பாளர் பேனாவை நிறுத்தினார். வியப்பில் ஆங்கிலத்தை மறந்துவிட்டார்.

"ஒரு ஊகம்கூட இல்லையாம்மா?"

"நோ கெஸ், சார்."

இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அமைப்பாளர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நேரே பெரிதாக ஒரு சுழியம் போட்டு, மிகுந்த மரியாதையோடு அதைச் சுற்றி ஒரு வட்டமும் வரைந்து, பன்னிரண்டாம் கேள்விக்குப் போனார்.

இருபதும் முடிந்தபோது பதினான்கு. முதல் இரண்டு பகுதிகள் அதற்குள் திருத்தப்பட்டிருந்தன: பதினாறு, பதினேழு. இயக்குநர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"திங்கட்கிழமை மண்டபத்துக்கு வந்துடுங்க. நான் கையெழுத்துப் போடறேன். யாராவது பேசினா, என் அறைக்கு அனுப்புங்க. இருபது நிமிஷம் உங்க எதிர்ல உக்காந்திருந்தவ நான்."

வெளியே வந்தபோது முப்பத்திரண்டாம் எண்காரர், ஒரு தச்சர், கதவோரம் வியர்த்து நின்றார்.

"அக்கா, உள்ள ஆப்ஷன் ஏதாவது குடுக்கறாங்களா?"

"ஒண்ணும் கிடையாது. ரொம்ப நல்லா இருக்கு, போங்க போங்க!"

கூடத்தின் கோடிக்கு ஓடி, கைப்பேசியில் நாத்தனாரை அழைத்தார். மறுமுனையில் அலுவலக இரைச்சல்.

"அண்ணி! என்ன ஆச்சு? எத்தனை?"

"மூணாவதுல பதினாலு!"

"ஐயோ, அப்போ ஆறு தப்பா?"

"ஆமாண்டி, ஆறு தப்பு! ஆறும் நானா யோசிச்சு, நானா வாயைத் திறந்து, நானாப் பண்ணின தப்பு!"